இரண்டு பேர் மடித்த விரிப்பு

விபத்துக்குப் பிறகு நான் துணி மடிப்பதையே விட்டிருந்தேன். கொடியில் காய்ந்த விரிப்புகளை உருவி, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் குவியலாகப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். தேவைப்படும்போது குவியலிலிருந்து ஒன்றை இழுத்துக்கொள்வேன். கையைத் தோளுக்கு மேலே தூக்கினால், பிடரியில் தொடங்கி முழங்கை வரை யாரோ நரம்பைப் பிடித்து முறுக்குவது போலிருக்கும். அப்படி ஒரு நாள் மதியம் படுத்து எழுந்து வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. விரிப்புகள் அலமாரியில், விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கப்பட்டிருந்தன.

தங்கை வந்து போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு சாவி உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. ஒருவரை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றுவதற்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் எட்டிப் பார்ப்பாள். நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டாள்; சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விடுவாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தேன். பிடிக்க முடியவில்லை. இரண்டு கட்டைவிரல்களின் அடியிலும் அப்படியொரு வலி. அப்போதெல்லாம் என் உடம்பில் வலிக்காத இடம் என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் இது எனக்குப் பழக்கமான வலி. எங்கள் வேலையில் எல்லோருக்கும் வரும். மடிப்பு வலி என்போம். நாள் முழுக்கத் துணியின் மூலையைக் கிள்ளிப் பிடித்து இழுப்பதால் வருவது. நானோ மாதக்கணக்கில் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்ததில்லை.

நானும் என் கணவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்தோம். மருத்துவமனைகளின் துணி வருகிற இடம். துவைத்துப் பிழிந்த விரிப்பு, சூடான உருளைகளுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தகடுபோல வெளியே வரும். அதை வாங்கி மடிப்பது இரண்டு பேர் வேலை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலைகளைப் பிடிக்க வேண்டும். ஒரு உதறல், ஒரு இழுப்பு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடியும் ஒன்று. பிறகு ஒருவர் நடந்து வந்து தன் விளிம்பை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து பிடித்துக்கொண்டு பின்னால் போவார். நாளெல்லாம் நெருங்குவதும் விலகுவதும்தான். கூடத்தில் எங்களுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நெருங்கி நெருங்கி விளிம்பைக் கொடுத்து வாங்குவோம். பக்கத்து மெஷின்காரர்கள் அதைப் பார்க்கவே வேலையை நிறுத்துவார்கள்.

அவர் இடக்கைக்காரர். மற்ற ஜோடிகள் எல்லாம் வலப்பக்கமாக மடிக்க, நாங்கள் மட்டும் இடப்பக்கமாக மடித்தோம். அதனால் விரிப்பின் மூலையில் இருக்கும் மருத்துவமனை முத்திரை வெளியே தெரியாமல் மடிப்புக்குள் போய்விடும். எந்த வார்டு துணி என்று பார்க்க நர்சுகள் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. புகார் வந்தது. சூப்பர்வைசர் எங்களை நிறுத்திவைத்து வலப்பக்கமாக மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நாங்களும் முயன்றோம். இருவர் கையும் குறுக்கே மாட்டி, துணி பொட்டலமாகி, அவர் என் நெற்றியில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் சூப்பர்வைசரே, உங்கள் தப்பு மடிப்பு உங்களோடு இருக்கட்டும் என்று சொல்லி, ஒரே ஒரு வார்டின் துணியை எங்களுக்கு ஒதுக்கிவிட்டார். முத்திரை தெரியாத கட்டு என்றால் அந்த வார்டுக்கு என்று எல்லோருக்கும் பழகிப்போனது.

வேலை முடிந்து ஆட்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் வேன் ஒரு நாள் பாலத்துச் சுவரில் மோதியது. எனக்கு அது நினைவில்லை. வேனில் ஏறியதும், அவர் சன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்ததும் நினைவிருக்கிறது. அடுத்தது ஒரு வெள்ளைக் கூரை. எனக்கு விழிப்பு வந்தபோது அவர் இறந்துபோய், சடங்கெல்லாம் செய்து முடித்திருந்தார்கள். அதனால் நான் அவரை வழியனுப்பவில்லை. என்னைப் பொறுத்தவரை அவர் இன்னும் என் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மண்டையில் தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள், நல்லாத்தானே இருக்கே என்பார்கள். நல்லாத்தான் இருந்தேன், உட்கார்ந்த இடத்தில். எழுந்து பல் துலக்கினால் கெண்டைக்கால் நடுங்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கலந்து வெறும் இரைச்சலாகிவிடும். கடையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே நின்றால் எதை வாங்க வந்தேன் என்பது மறந்து, பிறகு அந்தப் பொருளின் பெயரே மறந்துபோகும். தூங்கி எழுந்தால் படுத்தபோது இருந்ததைவிட அசதி. காய்ந்த விரிப்புக்கும் நனைந்த விரிப்புக்கும் எடையில் என்ன வித்தியாசம் என்று சலவைக்காரிக்குத் தெரியும். என்னை யாரோ தண்ணீரில் முக்கியெடுத்துப் பிழியாமல் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

மூளைக் காயத்துக்குப் பிறகான சிகிச்சைக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். நிதானமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுவார். அடிபட்ட மூளை, முன்பு காசில்லாமல் செய்த வேலைக்கெல்லாம் இப்போது விலை கொடுக்கிறது என்றார். அசதி உடம்பில் தெரிகிறது, செலவு மேலே, தலைக்குள் நடக்கிறது என்றார். இது இப்படியே இருந்துவிடும் என்று சொல்ல முடியாது, சிலர் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் அதற்கு இந்த மாதங்களில் ஓய்வு உண்மையான ஓய்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதுவே நிலைத்துவிடும். நான் தேற விரும்பினேன். வேறொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மறுபடி படிக்க வேண்டும், கால் நடுங்காமல் தெருமுனை வரை போய் வர வேண்டும். அதற்காக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையை இழுத்துவிட்டு ஒழுங்காகப் படுத்தேன்.

விரிப்புகளைப் பற்றித் தங்கையிடம் கேட்டபோது, தான் தொடவில்லை என்றாள். அன்றைக்கு வரவே இல்லையாம். நான்தான் மடித்து வைத்துவிட்டு மறந்திருப்பேன் என்றாள். நான் நிறைய மறந்துகொண்டிருந்த காலம் அது, அதனால் ஒப்புக்கொண்டேன். அவள் போன பிறகு அலமாரியைத் திறந்து ஒரு விரிப்பை வெளியே எடுத்தேன். எங்கள் வீட்டு விரிப்புகள் எல்லாம் சலவைக்கூடத்தில் நைந்துபோனவை என்று கழித்துவிட்டவை. மூலையில் மங்கலாக முத்திரை இருக்கும். அதைத் தேடினேன். மேலே இல்லை. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை, பழகிய கை எனக்கும் அந்தப் பக்கமாகத்தான் மடிக்கும். ஆனால் வார்டு விரிப்பை ஒற்றை ஆள் மடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் போட்டோ தரையில் விரித்தோ மடிக்க வேண்டும். நடு மடிப்பு நெளியும். மூலைகள் ஒரு விரற்கடை விலகி நிற்கும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் அப்படித்தான். இந்த விரிப்பில் நடு மடிப்பு அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டு மடித்தால் மட்டும் விழுகிற கோடு.

கையில் அதை வைத்துக்கொண்டு சாப்பாட்டு அறையில் நின்றேன். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். வெயில் தரையில் பாதி வரைக்கும் வந்திருந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடம், ஒரு விரிப்பின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

அதன் பிறகு அடிக்கடி நடந்தது. மடிந்திருந்த விரிப்புகளை நானே கலைத்துக் குவியலாகப் போட்டுவிட்டு மதியம் படுப்பேன். எழும்போது அலமாரியில் இருக்கும். சில நாள் நான் எழும்போதே கை தொங்கிப்போய், தோள்பட்டை எரிந்துகொண்டு, ஒரு ஷிஃப்டு முடித்து வந்தவள் போலக் கிடப்பேன். டாக்டரம்மா கட்டைவிரல் அடியில் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. தலையில் அடிபட்டவர்கள் தூக்கத்தில் எழுந்து பழைய வேலையைச் செய்வது உண்டு, செய்தது நினைவிருக்காது என்றார். வீட்டில் யாராவது ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். தூக்கத்தில் வேலை நடந்தால் அந்தத் தூக்கம் கணக்கில் வராது, தேறுவதற்கான நாட்கள்தான் போகும் என்றார்.

தங்கை ஒரு மதியத்து வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு அறையில், கதவோரம், கையில் ஒரு பத்திரிகையோடு உட்கார்ந்தாள். தூக்கத்தில் நடந்து வந்தால் எழுப்ப வேண்டாம், என்ன செய்கிறேன் என்று மட்டும் பார் என்று சொல்லியிருந்தேன். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரியே, நேரா பாத்துப் படு, பயப்படாதே, பிரேக் என் காலடியில இருக்கு என்றாள். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. வாசலில் அவளுடைய கார் நின்றது. கற்றுக்கொள்பவர் எனும் அட்டையைக் கூரையில் வைத்த அந்தக் காருக்குள், கற்றுக்கொடுப்பவரின் இருக்கையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.  

நான் எழுந்து வந்தேனாம். கண் திறந்திருந்ததாம். குவியலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றேனாம். பார்க்கப் பாவமாக இருந்தது என்றாள். தனியாக அப்படி நிற்க வேண்டாம் என்று, மறுமுனையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுந்து போயிருக்கிறாள்.

"போய்ப் பிடிச்சியா?"

"கிட்ட போனேன். கீழ கிடக்கும்னு குனிஞ்சேன். கீழ இல்லக்கா."

"பின்ன?"

"எதிர்ல யாரும் இல்ல. ஆனா துணி தொங்கல." அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இழுத்துப் பிடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. நான் அது மேல கை வெச்சுட்டேன். ஒரு இழுப்பு வந்துச்சு பாரு, கை அப்படியே கூடவே போச்சு. ரெண்டு மடிப்பு மடிச்சிருப்பேன், நானும். அப்புறம்தான் விட்டுட்டு ஓடிவந்தேன்."

நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எந்தப் பக்கமாக மடித்தோம் என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, காற்றில், தயங்காமல், இடப்பக்கமாக மடித்துக் காட்டினாள். அவள் சலவைக்கூடத்துக்குள் ஒரு நாளும் வந்ததில்லை.

அன்று மாலையே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மறுத்துப் பார்த்தேன், பலமாக இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமே இல்லை. அவர்தான் என்று தெரிந்த பிறகு எதற்குப் பயம். ஆனால் அசந்துபோயிருந்தேன். ஒரு மனிதர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், தினமும் மதியம் எழுப்பி வேலை வாங்கினால் உடம்பு தாங்குமா.

தங்கை வீட்டில் முதல் மதியம், படுத்தேன், எழுந்தேன், நடுவில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் வலிக்கவில்லை. வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கால்களில் நடுக்கம் குறைந்தது. மாடிப்படியை நடுவில் உட்காராமல் ஏறினேன். தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக என்னைத்தான் விசாரிப்பார். "எப்படி அண்ணி, இன்னைக்கு எத்தனையாவது மாடி வரைக்கும்? நடுவுல நின்னா மணி அடிங்க, நான் வந்து கதவைத் திறக்கிறேன்" என்பார். அவர்கள் இருவரும் என் முன்னால் ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசப் பழகிக்கொண்டார்கள். கல்யாணமானதிலிருந்து இவ வாயை மூடி நான் பேசினது இப்பத்தான் அண்ணி, இங்கேயே இருந்துடுங்க என்றார். ஒரு புத்தகத்தை எடுத்து முதல் அத்தியாயத்தை முடித்தேன். கண்ணில் எழுத்து நீந்தவில்லை. டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதுதான் நான் எதிர்பார்த்தது, இன்னும் சில மாதம் இப்படியே போகட்டும் என்றார்.

அந்த வாரங்களில் நான் அவரைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் அந்தச் சுவரோரம் யாராவது நிற்கிறார்களா, இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு யார் வருவார்கள் என்று பார்க்கிறார்களா என்று யோசிக்க வரும். உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். உடம்பு லேசாக இருப்பது அப்படியொரு சுகம். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், அதற்காக மனிதன் எதையும் நினைக்காமல் இருப்பான்.

தங்கைதான் என் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சன்னல்களைத் திறந்து வைக்க, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற. வாசற்பக்கம் மட்டும் போவதாகவும், சாப்பாட்டு அறைக்குள் நுழைவதில்லை என்றும் சொல்லியிருந்தாள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் கரண்டியைக் கீழே போட்டாள். எடுத்தாள், மறுபடி போட்டாள். அவள் கணவர், வரவர இவளுக்குக் கையில் பிடிமானமே இல்லை, நேற்று தலை வாரச் சொல்லி என்னிடம் சீப்பைக் கொடுக்கிறாள் என்று கேலி செய்தார். வண்டி வேலை, அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

"என் வேலையில கைக்கு ஏதுக்கா வேலை?" என்றாள். "காலுக்குத்தான். ஸ்டீயரிங் அவங்க கையில இருக்கு. நான் சும்மா மடியில கை வெச்சு உக்காந்திருக்கேன்."

அவள் கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் வீங்கியிருந்தது. தொட்டதும் இழுத்துக்கொண்டாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாசல் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருவாளாம். கண் சொக்கிவிடுமாம். விழித்துப் பார்த்தால் அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருக்குமாம். ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன், ஆனாலும் எழுந்திருக்கவே முடியவில்லை என்றாள். பிறகு அவள் கணவர் அந்தப் பக்கம் போன சமயத்தில், இன்னொன்றையும் சொன்னாள். அன்று மாலை ஒரு சின்னப்பெண்ணுக்கு வகுப்பு. சிக்னலில் நிற்காமல் அந்தப் பெண் வண்டியை விட்டுவிட்டாள். பிரேக்கை மிதிக்க வேண்டியவள் தங்கை. மிதித்தாள், ஆனால் தாமதமாக. கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிரே வந்த பஸ் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது என்றாள்.

மறுநாள் நான் தனியாகப் பஸ் ஏறி என் வீட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு நான் தனியாகப் போன முதல் பயணம் அது. அந்த அளவுக்குத் தேறியிருந்தேன். வாசல் நாற்காலியைத் தாண்டி உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நாற்காலியில் குவியலாகக் கிடந்த விரிப்புகள் எல்லாம் அதில் அடுக்கப்பட்டிருந்தன. முத்திரை எதிலும் வெளியே தெரியவில்லை. ஆனால் மூலைகள் எங்கள் மூலைகளாக இல்லை. ஒரு பக்கம் கச்சிதம், மறுபக்கம் கொஞ்சம் முன்னே பின்னே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். அடியில் இருந்தவை மோசம், மேலே மேலே வர வர நேராகிக்கொண்டு வந்திருந்தன. அவளுக்கு அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேசையோரம் உட்கார்ந்தேன். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. செத்துப்போனவர் மேல் படக்கூடாத கோபம். அவரால் சும்மா இருக்க முடியாது. உருளை நின்றுபோன நாட்களில்கூட, மடித்ததைப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பார். எதிரே ஆள் இல்லாமல் நிற்கத் தெரியாது. நான் வராவிட்டால் யார் வந்தாலும் போதும் என்று இருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அது வேறு காரணத்துக்காக. என்னை எழுப்பி வேலை வாங்கியபோது, நான்தான் வேண்டும் என்று வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை வீட்டுக்குத் திரும்பியதும், பார்த்ததைச் சொல்லி, என் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றேன். பெட்டியை எடுத்து வைத்தபோது அவள் அதைப் பிடுங்கி மறுபடி கட்டிலில் கவிழ்த்தாள்.

"அங்க போனா மறுபடியும் படுத்துடுவே. டாக்டர் என்ன சொன்னாங்க? இன்னும் கொஞ்ச மாசம்."

"நான் போகலன்னா நீ படுத்துடுவே."

"நான் இனிமே அங்க போகல. செடி காய்ஞ்சா காயட்டும்."

"நேத்து எங்க தூங்கினே?"

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். முந்தின நாள் அவள் என் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வகுப்புக்கு நடுவில், ஒரு மரத்தடியில், காருக்குள்தான் தூங்கியிருந்தாள். கை அப்போதும் வலித்தது. காரின் பின்சீட்டில் போட்டிருந்த தூசித்துணி மடித்து வைக்கப்பட்டிருந்ததை நான் காலையில் பார்த்திருந்தேன். அவளும் பார்த்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கவிழ்த்த துணிகளை அவளே திரும்பப் பெட்டியில் வைத்தாள். ஒவ்வொன்றாக, உருட்டி உருட்டி, எதையும் மடிக்காமல்.

நான் என் வீட்டுக்குத் திரும்பி வந்த மூன்று நான்கு நாளில் தங்கையின் கை சரியாகிவிட்டது. எனக்கு எல்லாம் வந்துவிட்டது. கெண்டைக்கால் நடுக்கம், பிடரியில் முறுக்கு, விளக்கைப் பார்த்தால் தலைக்குள் இரைச்சல். புத்தகம் இரண்டாவது அத்தியாயத்தில் நின்றது. டாக்டரம்மாவுக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் திரும்பப் போனீர்கள் என்று கேட்டார். என்ன சொல்வது. வீடு என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, சரி, இருப்பதை வைத்துக்கொண்டு வாழும் வழியைப் பார்ப்போம் என்றார். முடிந்த மட்டும் செய்துவிட்டு விழுவது கூடாது. காலையிலேயே இன்றைக்கு இவ்வளவுதான் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நன்றாக இருக்கிற நாளிலும் அதற்கு மேல் போகக்கூடாது, மோசமான நாளிலும் முடிந்தால் அதைச் செய்ய வேண்டும். கூட இருப்பவர்களிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

சொன்னேன். காலை வெயிலில், சாப்பாட்டு அறையில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு. கூச்சமாக இருந்தது. விரிப்புகளையெல்லாம் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு ஒன்றே ஒன்றை நாற்காலியில் வைத்திருந்தேன்.

"இங்க பாருங்க," என்றேன். "ஒண்ணு. அதுக்கு மேல என்னால முடியாது. இன்னொருத்தரைத் தேடிக்கிட்டுப் போகக் கூடாது."

முதல் நாள் விரிப்பு மடிந்திருந்தது. சன்னல் திரைகளும் கழற்றி மடிக்கப்பட்டிருந்தன. மறுநாள் என் உள்பாவாடைகள். அவரோடு வாழ்ந்தவளுக்கு இது ஆச்சரியமில்லை. ஒன்று என்று சொன்னால் ஒன்றோடு நிறுத்துகிற மனிதர் அல்ல. ஒவ்வொரு நாளும் எழுந்ததும், வலிக்கிற கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திட்டினேன். அப்படியே ஒரு வாரம் போயிருக்கும். பிறகு ஒரு நாள் நாற்காலியில் இருந்த விரிப்பு மட்டும் மடிந்திருந்தது. திரை சன்னலிலேயே தொங்கியது. அந்த மதியம் என் கையில் வலி இருந்தது, ஆனால் ஒரு விரிப்புக்கான வலி. அதோடு எழுந்து காபி போட முடிந்தது.

இப்போது அப்படித்தான் போகிறது. காலையில் எனக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தெளிவாக இருக்கும். இதை அந்த நேரத்தில்தான், கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரங்களாக எழுதுகிறேன். தெருமுனை வரை போகிறேன், அங்கே ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். தேறிவிடுவேன் என்று இனி யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. தங்கை மதியங்களில் வருவதில்லை. மாலையில் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பாள், நான் போய்க் காரில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். அவளிடம் கற்றுக்கொள்கிறவர்களில் ஒருவர் தேர்வில் தேறிவிட்டதாக நேற்று இனிப்புப் பெட்டியை நீட்டினாள். கை நடுங்கவில்லை.

போன வாரம் ஒரு மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெயில் அதிகம், உடம்பு எரிச்சல். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சாப்பாட்டு அறையில் நாற்காலி லேசாக நகர்ந்தது. துணி ஒன்று சரிகிற சத்தம் கேட்டது. சரிந்தது தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை, வெகு நேரம். தூக்கத்தில் நான் எழுந்து வருவதற்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. நான் படுத்தே கிடந்தால் என்ன செய்வார் என்றும் யோசித்தேன். பிறகு கால்களைக் கீழே ஊன்றி, கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். கண்களை நன்றாகத் திறந்துகொண்டு அந்த அறைக்குப் போனேன். விரிப்பு மேசைக்கும் சுவருக்கும் நடுவில், என் மார்பு உயரத்தில் நின்றது. இந்தப் பக்கத்து மூலைகள் இரண்டும் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டேன்.